சுட்டிக் காட்டும் தளமும் சொல்லித் தரும் தளமும்

போன வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் உவர்மலையில் இருக்கும் மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு வரலாறு படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு கண்ணில் வந்த நோயால் பார்வை முழுவதும் போய்விட்டது. ஆனாலும் மடிக்கணினியில் செய்தி வாசிப்பது, மின்னஞ்சல் எழுதுவது எல்லாம் தன் கையாலேயே செய்வார். அன்றைக்கு, கொழும்பில் இருக்கும் மகளிடம் போவதற்காக ஒரு தளத்தில் பஸ் சீட் பதிவு செய்துகொண்டிருந்தார். நானும் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

ஊர், திகதி, நேரம் வரை சிக்கல் இல்லை. சீட் தெரிவு செய்யும் பக்கம் வந்ததும் கணினி, "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்" என்று சொல்லத் தொடங்கியது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு "பட்டன்". என் கண்ணுக்கோ அங்கே ஒரு பஸ்ஸின் படம் தெளிவாகத் தெரிந்தது. காலியான சீட் பச்சை, யாரோ எடுத்தது சிவப்பு, முன்னால் சாரதியின் இடம்.

"தம்பி, இதில எது ஜன்னல் பக்கம்?"

நான் திரையில் விரலை வைத்து, "இது, மாஸ்டர்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது, அந்தத் தளம் செய்ததும் இதே வேலைதான் என்று. பார்க்க முடியாதவருக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்தது.

நான் திருகோணமலையில் சின்னச் சின்ன விடுதிகளுக்கும் கடைகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பவன். எங்கள் தொழிலில் "அணுகல்தன்மை" என்ற சொல் அடிக்கடி அடிபடும். ஒருவரின் உடல்நிலை எப்படியிருந்தாலும், அவர் எந்தக் கருவியைக் கொண்டு வந்தாலும், மற்றவர் தயவில்லாமல் ஒரு தளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆனால் பேச்சு வந்தால் பெரும்பாலும் வேறு எங்கோ போய்விடுகிறது. எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான் வைத்தால் போதும் என்பார்கள் சிலர். பக்கத்தை வாசித்துக் காட்டும் ஒலிபெருக்கிப் படம் ஒன்றை மூலையில் ஒட்டுவோம் என்பார்கள் வேறு சிலர். மாஸ்டரின் கணினி ஏற்கெனவே பேசுகிறது. அவருக்கு இன்னொரு குரல் தேவையில்லை. அந்தக் குரல் சொல்வதற்கு விஷயம்தான் தேவை.

தொலைபேசியில் வழி சொல்வது போல

ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கோணேசர் கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார். "அந்தா தெரியுதே, அந்தப் பக்கம்" என்றால் அவருக்கு என்ன விளங்கும்? "கோட்டை வாசலால் உள்ளே வாங்கோ, மான்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி, ஏற்றத்தில் நேரே ஏறினால் கோயில்" என்று சொன்னால் வந்து சேர்ந்துவிடுவார். முன்னால் நிற்பவருக்கு விரல் போதும். தொலைபேசியில் இருப்பவருக்குச் சொல் வேண்டும்.

இணையத்தளங்களில் பெரும்பாலானவை முன்னால் நிற்பவருக்காகவே கட்டப்படுகின்றன. பச்சை என்றால் காலி, பெரிய எழுத்து என்றால் தலைப்பு, மூலையில் பெருக்கல் குறி இருந்தால் மூடலாம். இவை எல்லாமே சைகைகள். பார்ப்பவர் தானாகப் புரிந்துகொள்கிறார். அதே தகவல் சொல்லாகவும் உள்ளே எழுதப்பட்டிருந்தால்தான் பார்க்காதவருக்கும் அது போய்ச் சேரும்.

திரைவாசிப்பான் எதை வாசிக்கிறது?

திரைவாசிப்பான் என்பது கணினியில் அல்லது போனில் இருப்பதைக் குரலாகவோ, விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருள். விண்டோஸ் கணினிகளில் ஜோஸ், என்விடிஏ என்ற இரண்டும் பிரபலம். ஜோஸ் விலை கொடுத்து வாங்குவது. என்விடிஏ, பார்வையற்ற ஒரு நிரலாளர் அவுஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கியது, இலவசம். மாஸ்டரிடம் இருப்பதும் அதுதான். ஐபோனில் வொய்ஸ்ஓவர், அண்ட்ரொய்டில் டோக்பேக் என்று கூடவே வருகின்றன. நீங்கள் கையில் வைத்திருக்கும் போனிலும் இப்போதே ஒன்று இருக்கக் கூடும், அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள்.

பெயரைக் கேட்டவுடன் பலர் நினைப்பது, இது திரையில் தெரியும் படத்தைப் பார்த்து வாசிக்கிறது என்று. குழப்பம் எல்லாம் தொடங்குவது இந்த இடத்தில்தான். திரைவாசிப்பான் வழக்கமாகத் திரையைப் பார்ப்பதில்லை. ஒரு தளத்தைத் திறந்ததும் உலாவி (குரோம் போன்றது) அதன் குறிமொழியை, அதாவது பக்கம் எழுதப்பட்டிருக்கும் எச்டிஎம்எல்லை, எடுத்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை வரைகிறது. மற்றது, அந்தப் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கிளை கிளையாக ஒரு பட்டியல் போடுகிறது. இந்தப் பட்டியலுக்கு அணுகல் மரம் என்று பெயர். திரைவாசிப்பான் வாசிப்பது அந்த மரத்தை. எவ்வளவு நிறம் பூசினாலும் நிழல் போட்டாலும் மரத்துக்குள் எதுவும் ஏறாது.

அந்த மரத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் முக்கியமாக மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: பெயர், பங்கு, நிலை. சமையலறையில் ஒரே மாதிரியான நான்கு தகரப் பேணிகளை யோசித்துப் பாருங்கள். "சீனி" என்று ஒட்டியிருப்பது பெயர். திறந்து அள்ளும் பேணி என்பது பங்கு. முடிந்துவிட்டதா, இருக்கிறதா என்பது நிலை. ஒன்றுமே ஒட்டாத நான்கு பேணிகளை வைத்துவிட்டுத் தேநீர் போடச் சொன்னால் உப்புத் தேநீர்தான் கிடைக்கும்.

மாஸ்டரின் பஸ் பக்கத்துக்கு வருவோம். அங்கே பங்கு மட்டும் இருந்தது: "பட்டன்". பெயர் இல்லை, நிலையும் இல்லை. சீட்டின் இலக்கமும் காலியா இல்லையா என்பதும் நிறத்துக்குள்ளும் படத்துக்குள்ளும் அடைந்துகிடந்தன. "சீட் 14, ஜன்னல் பக்கம், காலி" என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் எழுதியிருந்தால், அதே பக்கம், அதே பச்சை சிவப்பு, ஒன்றுமே மாறாமல், மாஸ்டர் ஒரு நிமிடத்தில் வேலையை முடித்திருப்பார். பச்சையையும் சிவப்பையும் பிரித்துப் பார்க்க முடியாத நிறக்குருடு உள்ளவர்களுக்கும் உதவியிருக்கும், காலியா இல்லையா என்பதைக் கண்ணுக்கும் தெரிய எழுதினால்.

இதைவிட மோசமானதும் உண்டு. "டிவ்" என்பது குறிமொழியில் வெறும் பெட்டி, அதற்குத் தானாக எந்தப் பங்கும் கிடையாது. சிலர் அந்தப் பெட்டிக்கு நிறம் கொடுத்து, ஓரத்தை வளைத்து, அழுத்தினால் வேலை செய்யும்படி எழுதிவிடுவார்கள். பார்வைக்கு அசல் பொத்தான். மரத்தில் அது பொத்தானே இல்லை, விசைப்பலகையாலும் அங்கே போக முடியாது. "பட்டன்" என்ற குறியையே எழுதியிருந்தால் இரண்டும் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

இதுவரை வந்த வழி: திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை, அணுகல் மரத்தை வாசிக்கிறது. மரத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், பங்கு, நிலை வேண்டும்.

இருட்டில் டோர்ச் வெளிச்சம்

மவுஸ் என்பது கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை. அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. அதனால் கணினியில் திரைவாசிப்பான் பாவிப்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் விசைப்பலகையால் செய்கிறார்கள். அவர்கள் மட்டுமில்லை. கை நடுங்குபவர்கள், போரிலோ விபத்திலோ கையை இழந்தவர்கள், மணிக்கட்டு வலியால் மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் என்று நன்றாகப் பார்வை உள்ள பலரும் விசைப்பலகையை நம்பியே இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் யார் என்று நான் விளக்கத் தேவையில்லை. எல்லோருக்கும் ஒருவரையாவது தெரியும்.

விசைப்பலகையில் டேப் விசையை அழுத்தினால் அடுத்த இணைப்புக்கோ பொத்தானுக்கோ போகலாம். ஷிப்ட்டோடு சேர்த்து அழுத்தினால் முந்தியதற்குத் திரும்பும். என்டர் அல்லது ஸ்பேஸ் அழுத்தினால் வேலை நடக்கும், எஸ்கேப் மூடும். இப்போது எந்தப் பொருளில் நிற்கிறோமோ அதற்குக் குவியம் என்று பெயர். மின்சாரம் போன இரவில் வீட்டுக்குள் டோர்ச்சோடு நடப்பது போல. வெளிச்சம் விழும் இடம்தான் குவியம். உலாவி அந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுக் காட்டும்.

இந்தக் கோடு அழகைக் கெடுக்கிறது என்று வடிவமைப்பவர்கள் ஒரு வரியில் அதை அழித்துவிடுகிறார்கள். நானும் பல தளங்களில் அழித்திருக்கிறேன், வாடிக்கையாளர் கேட்டார் என்று. அது கையிலிருக்கும் டோர்ச்சை அணைத்துவிட்டு நடக்கச் சொல்வது. உலாவியின் கோடு பிடிக்கவில்லையென்றால் உங்களுக்குப் பிடித்த நிறத்தில் தடிப்பாக வேறொன்று போடுங்கள். ஒன்றுமில்லாமல் மட்டும் விட வேண்டாம்.

இன்னும் இரண்டு இடங்களில் ஆட்கள் சிக்குகிறார்கள். பக்கத்தின் தலையில் முப்பது இணைப்புகள் கொண்ட பட்டி இருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் முப்பது தடவை டேப் அடித்துத்தான் செய்திக்கு வர வேண்டும். அதற்காக முதல் இணைப்பாக "உள்ளடக்கத்துக்குச் செல்" என்று ஒன்றை வைப்பார்கள். அழுத்தினால் நேரே கீழே இறக்கிவிடும். மற்றது, திடீரென்று மேலே வந்து விழும் விளம்பரப் பெட்டி. சில பெட்டிகளுக்குள் குவியம் போகவே போகாது. சிலவற்றில் போனால் வெளியே வர முடியாது, கூட்டுக்குள் போன மீன் மாதிரி. எஸ்கேப் அடித்தால் மூட வேண்டும், மூடியதும் முன்பு நின்ற இடத்துக்கே திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது.

போனில் டேப் விசை இல்லை. டோக்பேக்கில் வலப்பக்கம் விரலால் தள்ளினால் அடுத்த பொருள், இரண்டு தடவை தட்டினால் என்டர். உள்ளே இருக்கும் முறை ஒன்றேதான். கணினியில் சரியாகச் செய்த தளம் போனிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

தலைப்புகள்: தாண்டிப் போகும் உரிமை

நாம் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பதில்லை. தலைப்புகளில் கண்ணை ஓட்டி, வேண்டிய இடத்தில் நிற்கிறோம். திரைவாசிப்பானிலும் அதே வசதி உண்டு. என்விடிஏயில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும், கே அழுத்தினால் அடுத்த இணைப்பு, டி (T) அழுத்தினால் அட்டவணை. மாஸ்டர் ஒரு செய்தித் தளத்தில் எச் எச் எச் என்று தட்டிக்கொண்டு போகும் வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்காது.

ஆனால் அது தலைப்பு என்று குறிமொழியில் எழுதியிருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு, மரத்தில் இன்னொரு பந்தி. குறிமொழியில் ஆறு தலைப்பு நிலைகள் இருக்கின்றன. நூலின் பெயர், அத்தியாயம், உட்பிரிவு என்பது போல வரிசையாகப் பயன்படுத்தினால் போதும்.

இணைப்புகளும் இப்படித்தான். பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் தனியே பட்டியலாகக் கேட்கலாம். "இங்கே அழுத்தவும், இங்கே அழுத்தவும், மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க" என்று பதினைந்து வந்தால் எது எங்கே போகிறது? "கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றி", "புறாத்தீவுப் படகுக் கட்டணம்" என்று எழுதினால் கண் உள்ளவருக்கும் நல்லது.

படமும், படமாகிப் போன அறிவித்தலும்

படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் சொற்களுக்கு மாற்றுரை என்று பெயர். என்ன எழுதுவது என்று பலர் திணறுகிறார்கள். படம் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் விடை வந்துவிடும். விடுதித் தளத்தில் அறையின் படம் என்றால் "இரட்டைக் கட்டில் அறை, ஜன்னலுக்கு வெளியே கடல்". அழுத்தினால் முகப்புக்குப் போகும் சின்னம் என்றால் "முகப்பு". பக்கத்தை நிரப்பப் போட்ட அலைக் கோலம் என்றால், மாற்றுரைக்கான இடத்தைக் குறிமொழியில் வைத்து, அதை வெறுமையாக விட வேண்டும். அப்போது திரைவாசிப்பான் பேசாமல் தாண்டும். வெறுமையாக விடுவதும் அந்த இடத்தையே வைக்காமல் விடுவதும் ஒன்றல்ல. வைக்காமலே விட்டால், அதுவும் இணைப்பாக இருக்கும் படம் என்றால், கோப்பின் பெயரை "ஐஎம்ஜி 2034 ஜேபிஜி" என்று வாசிக்கத் தொடங்கிவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது அறிவித்தல்கள். நீர் வெட்டு எந்தப் பகுதியில், எத்தனை மணிக்கு என்று கடிதத்தைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். கண்ணுள்ளவர் வாசித்துத் தண்ணீர் நிரப்பி வைக்கிறார். மற்றவருக்கு "படம்" என்ற ஒரு சொல். அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். படத்துக்குக் கீழே நான்கு வரி தட்டச்சு செய்தால் போதும்.

தமிழுக்கே உரிய சிக்கல்

இது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகளில் அதிகம் இராது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கந்தோர்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துரு நீண்ட காலம் ஆட்சி செய்தது, இன்னும் போகவில்லை. பாமினியில் "அம்மா" என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கணினிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். அந்த விசைகளுக்குத் தமிழ் உருவத்தை மேலே போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். திரைவாசிப்பான் போர்வையைப் பார்ப்பதில்லையே. பாமினியில் செய்த ஆவணத்தை அதனிடம் கொடுத்தால் அர்த்தமில்லாத ஆங்கில ஓசைதான் கேட்கும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்து முறையான யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு, அதனால் "அ" எங்கே போனாலும் "அ"தான். பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஸ்கேன் செய்த பிடிஎப் இன்னும் ஒரு படி கீழே, அதில் எழுத்தே கிடையாது, முழுக்கப் படம்.

அப்புறம் மொழிக் குறி. பக்கத்தின் முதல் வரியிலேயே இது எந்த மொழி என்று உலாவிக்குச் சொல்லும் ஒரு குறிப்பு உண்டு. ஆங்கில வார்ப்புருவைப் பிரதி செய்து தமிழை நிரப்பும்போது அதை மாற்ற மறந்துவிடுகிறோம். தளம் "நான் ஆங்கிலம்" என்கிறது. திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுக்கிறது. அந்தக் குரல் குழறும் அல்லது விட்டுவிட்டுப் போகும். என்விடிஏயோடு வரும் இஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். இது தமிழ் என்று அதற்கு யாராவது சொன்னால் சரி. மும்மொழித் தளங்களில், சிங்களமும் ஆங்கிலமும் வரும் சொற்களுக்கும் தனித்தனியே மொழி குறிக்கலாம்.

சுருக்கமாக: தலைப்பைத் தலைப்பாகவும், எழுத்தை யுனிகோடாகவும், மொழியை அதன் பெயராலும் குறித்தால் குரலுக்குத் தேவையானதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

படிவங்கள்

கட்டத்துக்குள் மங்கலாக "அடையாள அட்டை இலக்கம்" என்று எழுதி, தட்டத் தொடங்கியதும் அது மறைந்துபோவது இப்போது எங்கும் இருக்கிறது. மங்கலான எழுத்தைப் பெயராக நம்ப முடியாது. கட்டத்துக்கு வெளியே நிலையாக ஒரு பெயர் எழுதி, இந்தப் பெயர் இந்தக் கட்டத்துக்கு என்று குறிமொழியில் இரண்டையும் கட்டிவிட வேண்டும்.

பிழை வந்தால் ஓரத்தைச் சிவப்பாக்கிவிட்டு நிற்கும் படிவங்கள் இன்னும் கொடுமை. "அனுப்பு" அழுத்தியவருக்கு ஒரு சத்தமும் வராது. போய்விட்டது என்று நினைத்து எழுந்து போவார். "அடையாள அட்டை இலக்கம் சரியில்லை. 12 இலக்கங்கள், அல்லது 9 இலக்கங்களும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும் வேண்டும்" என்று எழுத்தில் சொல்லி, குவியத்தை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனால் எவரும் திருத்திவிடுவார்.

ஒரே வரியில் தீர்வு?

தளத்தில் ஒரு வரி நிரலை ஒட்டினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மூலையில் சக்கர நாற்காலிப் படத்தோடு ஒரு பொத்தான் வரும். பெயரில்லாத சீட் பொத்தானுக்கு அது எங்கிருந்து பெயர் கொண்டுவரும்? 14ஆம் சீட் ஜன்னல் பக்கம் என்று தளம் செய்தவருக்குத்தான் தெரியும். இப்படிப் பெரிய வாக்குறுதி கொடுத்து விற்ற ஒரு நிறுவனம் 10 லட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது.

முறையான அளவுகோல் வேண்டுமென்றால், டபிள்யூ3சி என்ற உலக வலை அமைப்பு 1999 முதல் வெளியிட்டுவரும் அணுகல்தன்மை வழிகாட்டிகள் இருக்கின்றன. அவற்றின் 2.2 பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. இதை ஏதோ தருமம் போலப் பேசுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை இணையத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

உங்கள் தளத்தை நீங்களே பார்க்க

மவுஸை மேசையின் மறுபக்கம் தள்ளி வையுங்கள். டேப் அடித்துக்கொண்டே தளத்தின் முக்கியமான வேலை ஒன்றைக் கடைசி வரை செய்து பாருங்கள்: அறை பதிவு, பொருள் வாங்குவது, எதுவாக இருந்தாலும். எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாமல் போகும் முதல் இடத்தில் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்விடிஏயை இறக்கிப் போட்டு, திரையின் வெளிச்சத்தை முழுதாகக் குறைத்துவிட்டு அதையே செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடம் தலை சுற்றும். பரவாயில்லை, பழகாத காது. ஆனால் தினமும் பாவிக்கும் ஒருவர் பார்த்துச் சொல்வதற்கு எந்தச் சோதனையும் ஈடாகாது, அவருடைய நேரத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

உப்புவெளியில் ஒரு விடுதிக்கு நான் செய்திருந்த தளத்தை இப்படித் திருத்தி, போன மாதம் மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அறைகளின் பக்கத்துக்கு எச் அடித்துப் போனார். "கடல் பக்க அறை, செக் பொக்ஸ், நொட் செக்ட்" என்றது கணினி. ஸ்பேஸ் தட்டினார். "செக்ட்." தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு டேப் அடித்தவர் அங்கேயே நின்றார். மறுபடி பின்னால் போய் முன்னால் வந்தார்.

"இது எடிட், பிளாங்க் எண்டு மட்டும்தான் சொல்லுது தம்பி. இதில என்ன கேக்கிறீர்?"

வரும் திகதி. அந்தக் கட்டத்துக்கு மேலே பெரிதாக எழுதியிருந்தேன், அதைக் கட்டத்தோடு குறிமொழியில் இணைக்கத்தான் மறந்திருந்தேன். அங்கேயே அவருடைய மேசையில் வைத்து அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, பக்கத்தைத் திரும்பத் திறந்து கணினியை அவர் பக்கம் தள்ளினேன்.